‘எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே!’

நான் டாக்டர் இல்லை. குழந்தைகளுக்கான நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஊதச் சொல்வது, மூக்கில் குழாய் வைப்பது, கையில் வியர்வை பிடிப்பது, இதுதான் பிழைப்பு. மருந்து சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் கேட்டால்கூட “டாக்டர்கிட்ட கேளுங்கம்மா” என்று அனுப்பிவிடுவேன். ஆனால் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது பெற்றவர்களுக்குப் பேச்சுத்துணை நான்தான். மாதக்கணக்கில் இருமும் பிள்ளையோடு தூக்கம் கெட்டுப் போனவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் சில அபிப்பிராயங்கள் முளைத்துவிட்டன. அதில் ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன்.

எங்கள் படிவத்தில் ஒரு வரி உண்டு: குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தத் தொந்தரவு இருக்கிறதா? வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டே வகை. “இவங்க அப்பா வீட்ல எல்லாருமே இப்படித்தான் இருமுவாங்க” என்பது முதல் வகை. சொல்லும்போதே பக்கத்தில் இருக்கும் கணவர் மீது ஒரு பார்வை விழும். (மாமியார் கூட வந்திருந்தால் குற்றவாளி மாறிவிடுவார்.) “எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே” என்பது இரண்டாவது வகை. முதல் பதிலைச் சொன்னவர்கள், சரி, இது ரத்தத்தில் வந்தது, என்ன செய்ய முடியும் என்று ஓய்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது பதிலைச் சொன்னவர்கள், அப்படியென்றால் மரபணு நோய்க்கு வாய்ப்பே இல்லை என்று நிம்மதி ஆகிறார்கள். நான் பார்த்தவரை இரண்டு முடிவுமே சரியில்லை.

மரபணுவுக்குப் போவதற்கு முன்னால் இருமலையே கொஞ்சம் பார்த்துவிடலாம். பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால்தான் நாள்பட்ட இருமல் என்பார்கள். குழந்தைகளுக்கு நான்கு வாரமே கணக்கு. சாதாரண வைரஸ் சளியோடு வரும் இருமல் பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளில் போய்விடும். பத்தில் ஒன்பது பேருக்கு 25 நாளுக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நிற்பதைத்தான் யோசிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல், விளையாட்டுப் பள்ளிக்குப் போகும் வயதில் வருஷத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது சகஜம். ஒன்று முடியும் முன்னே அடுத்தது. அம்மாவுக்கு அது ஆறு மாத இருமலாகத் தெரியும். “நடுவுல ஒரு வாரமாவது சுத்தமா நின்னுச்சா?” என்று கேட்டால் பலருக்கு நினைவு வரும், ஆமாம், அந்தப் பிறந்தநாள் சமயத்தில் இல்லை என்று. நின்று நின்று வருவது வேறு, நிற்கவே நிற்காதது வேறு.

இன்னொன்று, இருமாத குழந்தையே கிடையாது. 1996-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், நல்ல ஆரோக்கியமான பள்ளிக் குழந்தைகளே ஒரு நாளைக்குச் சராசரியாக 11 முறை இருமினார்கள். 34 முறை இருமியவர்களும் இருந்தார்கள். இதைச் சொன்னால் சில பாட்டிமார்களுக்குக் கோபம் வருகிறது. அவர்கள் எண்ணி வைத்திருப்பது அதைவிடக் குறைவு.

இருமலின் சத்தம்தான் பெரிய தடயம். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளை இருமுவதைக் கேட்டே, உள்ளே எந்தக் கருவியை எடுத்து வைக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை ஓடும். வறட்டு இருமலா, சளி இருமலா? ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் “சளியே வரல, வெறும் இருமல்தான்” என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நெஞ்சில் களகளவென்று கேட்கிறதா என்பதுதான் கேள்வி. நான்கு வாரத்துக்கு மேல் தினமும் இப்படிக் களகளத்தால் அதை ‘வீசிங்தான்’ என்று இன்ஹேலர் கையில் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவக் குழு நாள்பட்ட இருமலோடு வந்த குழந்தைகளை ஒழுங்காக ஆராய்ந்தபோது அதிகம் தென்பட்டது ஆஸ்துமா அல்ல. மூச்சுக்குழாய்களில் பாக்டீரியா நிரந்தரமாகக் குடியேறிக்கொள்ளும் ஒரு வகை மூச்சுக்குழாய் அழற்சி அது. சரியான ஆன்டிபயாடிக்கை இரண்டு வாரம் முழுசாகக் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். ஐந்து நாளில் நிறுத்தினால் திரும்பி வரும். வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் திரும்பி வந்தால் அல்லது மருந்துக்கு அசையவே இல்லை என்றால், அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தோண்ட வேண்டிய நேரம். என் அறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் அப்படித் தோண்ட அனுப்பப்பட்டவர்கள்தான்.

வறட்டு இருமல் தனிக் கதை. ஆஸ்துமா உள்ள பிள்ளை வெறுமனே இருமிக்கொண்டு மட்டும் இருப்பது அபூர்வம். மூச்சிரைப்போ ஓடினால் திணறலோ விசில் சத்தமோ கூட இருக்கும். ஐந்தாறு வயதானவர்களை ஊதவைத்துப் பார்ப்போம். திரையில் மெழுகுவத்திகள் எரியும், ஊதி அணைக்க வேண்டும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்தைக் கொடுத்துக் கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 12 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் ஆஸ்துமாவின் பக்கம் தராசு சாயும். சில பிள்ளைகள் பகலெல்லாம் வாத்து கத்துவதுபோல ஓங்கி இருமுவார்கள், தூங்கினால் சொடக்குப் போட்டதுபோல நின்றுவிடும். அது பழக்க இருமல், மருந்து அதற்கு வேலை செய்யாது. விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைக்குத் திடீரென்று புரையேறி அன்றிலிருந்து இருமல் என்றால், ஏதோ உள்ளே போயிருக்கிறது. எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் விடக் கூடாது, கொட்டைகளும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் தெரியாது. கக்குவான், காசநோய், வீட்டுக்குள் சிகரெட் புகை, சுவரில் பூஞ்சை இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத ஒன்று சொல்கிறேன், காது. காதுக் குழாய்க்குள் போகும் ஒரு நரம்பு, இருமலை நடத்தும் வேகஸ் நரம்பின் கிளை. சிலருக்குக் காதில் குறும்பி அடைத்தாலே இருமல் வரும்.

இனி அந்த முதல் பதில். “எங்க வீட்ல எல்லாரும் இருமுவாங்க.”

ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குடும்பங்களில் ஓடுகின்றன என்பது உண்மை. எனக்கே சின்ன வயதில் வீசிங் உண்டு. என் மகளுக்கு இருக்கிறது, மகனுக்கு இல்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் ஆஸ்துமா வருவதில் மரபுக்குப் பாதிக்கும் மேல் பங்கு இருப்பதாகவே திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆனால் ‘ஆஸ்துமா மரபணு’ என்று ஒன்றைக் கையில் பிடிக்க முடியாது. ஊர் கூடித் தேர் இழுக்கிற கதை அது, எந்தக் கை இழுத்ததில் தேர் நகர்ந்தது என்று கேட்டால் பதில் இல்லை. 2007-ல், 17-வது குரோமோசோமில் ஒரு பகுதி குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு தொடர்புள்ளது என்று கண்டுபிடித்தார்கள். இன்றுவரை இதில் மிக உறுதியாக நிற்கும் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. அதன் சுவாரஸ்யமே அடுத்த வருஷம் வந்த தகவலில்தான் இருக்கிறது. பிறந்த புதிதில் சிகரெட் புகையைச் சுவாசித்த குழந்தைகளிடம் அந்தப் பகுதியின் தீய செல்வாக்கு இன்னும் பலமாக இருந்தது. சிடிஎச்ஆர்3 என்று இன்னொரு மரபணு. சளி உண்டாக்கும் ரைனோவைரஸ்-சி நம் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியைச் செய்வதே அதுதான் என்று 2015-ல் தெரிந்தது. அந்தக் கைப்பிடி சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக வாய்த்திருக்கிறது. அவர்களுக்குச் சாதாரணச் சளியும் ஆஸ்பத்திரிவரை போய் நிற்கிறது.

ஆக, இங்கே மரபணு தனியாக நின்று எதையும் முடிவு செய்வதில்லை. புகையும் வைரஸும் வந்து கதவைத் தட்டும்போதுதான் அது எழுந்து வருகிறது. தாத்தா இருமினார், அப்பா இருமுகிறார், பேரன் இருமுகிறான் என்று சொல்லும்போது, தாத்தா பீடி பிடித்தாரா, அப்பா பால்கனியில் நின்று பிடிக்கிறாரா என்பதையும் கேட்டால்தான் பேச்சு முழுமையாகும். குடும்பம் என்பது ரத்தத்தை மட்டுமா பகிர்ந்துகொள்கிறது? ஒரே கூரை, ஒரே காற்று. “பரம்பரை” என்ற பதிலில் இந்தக் காற்றுக்கும் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது, அதை மாற்ற முடியும்.

இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் உறுத்துவது. ஏனென்றால், நாள்பட்ட சளி இருமலுக்குப் பின்னால் இருக்கும் அசல் மரபணு நோய்கள் பெரும்பாலும் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது. அவற்றின் குணமே அதுதான். அம்மாவிடம் அந்த மரபணுவின் ஒரு பழுதான பிரதி, ஒரு நல்ல பிரதி. அப்பாவிடமும் அப்படியே. நல்ல பிரதி ஒன்று இருந்தால் போதும் என்பதால் இருவருக்கும் ஒரு தும்மல்கூடக் கூடுதலாக வந்திருக்காது. இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இது வெளியே தெரியாமல் நகரும். நான்கில் ஒன்று என்றதும் “அப்ப அடுத்த மூணுக்கும் வராதில்ல?” என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். பெற்றோர் ரத்த உறவினர்களாக இருந்தால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. உறவுக்குள் கல்யாணமா என்று டாக்டர்கள் கேட்கும்போது சிலர் முகம் சுருங்கும். குற்றம் சாட்ட அல்ல, எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்.

இவற்றில் பெயர் பெற்றது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும் நோய். நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1938-ல் அதைத் தனி நோயாக விவரித்தார். 1948-ல் அதே நகரத்தில் கடும் வெப்ப அலை. வெயிலில் சுருண்டு விழுந்த குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் அதிகம் இருந்தார்கள். அதைத் துருவிய பால் டி சான்ட்அக்னீஸ் என்ற மருத்துவர், இவர்களின் வியர்வையில் உப்பு மிகுதி என்று 1953-ல் நிறுவினார். நான் இன்று செய்யும் சோதனையின் அடிப்படை முறையை கிப்சன், குக் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-ல் கொடுத்தார்கள். பெரிதாக மாறவில்லை. முழங்கைக்குக் கீழே வியர்வையைத் தூண்டும் பைலோகார்பைன் ஜெல் வைத்து ஐந்து நிமிடம் மிக மெல்லிய மின்சாரம். பிறகு ஒரு பிளாஸ்டிக் சுருளைக் கட்டிவிட்டால் அரைமணி நேரம் அதில் வியர்வை நீலமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 15 மைக்ரோலிட்டராவது வேண்டும், ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. பச்சைக் குழந்தைகளிடம் அதுவே தேறாமல் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியிருக்கும். வியர்வையில் உப்பின் அளவைக் காட்டும் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய்க்கு வலுவான அடையாளம். 30-க்குக் கீழே என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் விழுந்தால் தலைவலி, மறுபடி சோதனை, மரபணுப் பரிசோதனை என்று நீளும்.

பழுது இருக்கும் மரபணு சிஎஃப்டிஆர், ஏழாவது குரோமோசோமில். 1989-ல் கண்டுபிடித்தார்கள். இதுவரை 2,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மூன்று மருந்துக் கூட்டு பலருடைய வாழ்க்கையையே புரட்டிப் போட்டது. ஆனால் அது பிள்ளையிடம் இருக்கும் மாற்றம் எது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ‘நோய் தெரிஞ்சுபோச்சு, இனி எந்த மாற்றமா இருந்தா என்ன’ என்று விட முடியாது. இது ஐரோப்பிய வம்சத்தவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் அதிகம், அவ்வளவுதான். எல்லா இனத்திலும் உண்டு.

எனக்கு அதிகம் ஈடுபாடு உள்ளது இன்னொரு நோயில், பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா. பிசிடி என்போம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒவ்வொரு செல்லின் தலையிலும் இருநூறு போல நுண்ணிழைகள் இருக்கின்றன. நொடிக்குப் பத்துத் தடவை அளவில் அசைந்து அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. அவை அசையாவிட்டால் அல்லது தாறுமாறாக அசைந்தால், சளியை வெளியேற்ற உடம்புக்கு மிஞ்சும் ஒரே வழி இருமல். அதனால் இந்தப் பிள்ளைகளின் இருமல் பிறந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடும். மூக்கு வருஷம் முழுக்க ஒழுகும், கோடை மழை எதுவும் கணக்கில்லை. காதில் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். பத்து மாதம் நிறைந்து நல்ல எடையோடு பிறந்தும் மூச்சுத் திணறி ஆக்சிஜனில் வைத்திருந்த கதை இவர்களில் பெரும்பாலானோருக்கு உண்டு.

இன்னொரு விசித்திரம். பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடம் வலமாக மாறியிருக்கும். இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம். கருவில் எது இடம், எது வலம் என்று முடிவாவதும் இதே போன்ற நுண்ணிழைகளின் சுழற்சியால்தான். சுழற்சி இல்லையென்றால் முடிவு தற்செயலின் கையில், அதனால்தான் சரிபாதி. படச்சுருள் காலத்தில் எக்ஸ்ரேயைத் தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பி மாட்டிய கதைகளை எங்கள் துறையில் மூத்தவர்கள் சொல்வார்கள். 1933-ல் கார்டஜினர் என்ற சுவிஸ் மருத்துவர் இந்த இடமாற்றத்தையும் சைனஸையும் நுரையீரல் பாதிப்பையும் ஒன்றாகக் கட்டிக் காட்டினார். காரணம் விளங்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவீடனில் அஃப்செலியஸ் என்ற விஞ்ஞானி, பிள்ளையில்லாத ஆண்களின் அசையாத விந்தணுக்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, வாலை அசைக்கும் புரதக் கைகளே அங்கே இல்லை. இப்போது இதற்குப் பின்னால் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தெரியும். அப்படியும் நோய் உறுதியாகத் தெரிந்த சிலரிடம் மரபணுப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படுவதில்லை. ‘ஜீன் டெஸ்ட் நார்மல்’ என்றால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. எச்சில் துப்பி அனுப்பினால் வம்சாவளி சொல்லும் கிட்களை நீட்டி “இதுல ஒண்ணும் இல்லைனு வந்திருக்கே” என்பவர்களிடம் நான் பேசுவதில்லை.

பிசிடிக்கு நான் செய்யும் சோதனை எளிது. மூக்கில் சின்னக் குழாய் வைத்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளப்பது. இந்தப் பிள்ளைகளிடம் அது மிகவும் குறைந்திருக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸிலும் குறையலாம் என்பதால் வியர்வைச் சோதனையும் கூடவே நடக்கும். ஐந்து வயதுக்கு மேல்தான் ஒழுங்காக ஒத்துழைப்பார்கள். ஒருமுறை ஒரு சிறுவன் ஊதிக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டு, “ஆன்ட்டி, எல்லாருக்கும் தினமும் இருமல் வரும்தானே?” என்றான். பிறந்ததிலிருந்து நிற்காத ஒன்றை நோய் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டிலும் சத்தம் பழகிப்போய்விடுகிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், எங்கள் படிவத்தின் அந்த வரியே பாதிதான். வேறு யாருக்கு இருமல் என்பதோடு இன்னும் நாலு கேட்க வேண்டும். குழந்தை இல்லாத சித்தப்பாவோ மாமாவோ உண்டா? பிசிடியில் விந்தணு நீந்தாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஆண்கள் பெரும்பாலோருக்கு விந்துக் குழாயே உருவாகியிருக்காது. அம்மா வழியில் ஆண் குழந்தைகள் யாராவது சின்ன வயதிலேயே நிமோனியா, சீழ் என்று தவறியிருக்கிறார்களா? 1952-ல் புரூட்டன் என்ற மருத்துவர் விவரித்த எதிர்ப்பாற்றல் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக, அம்மாவுக்கு ஒன்றும் செய்யாமல் மகனைத் தாக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் தீரும் ஆறு மாத வாக்கில் தொற்றுகள் ஆரம்பிக்கும். தாய்மாமன் ஒருவர் பிஞ்சிலேயே போனார் என்பது குடும்பத்தில் யாரும் இருமலோடு சேர்த்து யோசிக்காத தகவல். பாட்டிக்குத்தான் நினைவிருக்கும். பாட்டியைக் கூட்டி வருவது நல்லது, மாமியாரானாலும் சரி.

இணையத்தில் தேடிவிட்டு ஆர்எஃப்சி1 மரபணு பற்றிக் கேட்டவர்களும் உண்டு. 2019-ல் வெளியான கண்டுபிடிப்பு. அந்த மரபணுவின் பழுதால் வரும், நடை தள்ளாடும் ஒரு நரம்பு நோய்க்குப் பல வருஷம் முன்பே வறட்டு இருமல் வந்துவிடும். அது பெரியவர்களின் நோய், பிள்ளையின் இருமலுக்கு அதைத் தேடிப் போக வேண்டாம்.

மரபணு இன்னோர் இடத்திலும் தலைகாட்டுகிறது, மருந்துப் பாட்டிலில். கோடீன் கலந்த இருமல் சிரப் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறுகிறது. மாற்றும் வேலையைச் செய்வது சிஒய்பி2டி6 என்ற நொதி. சிலருக்கு அதன் மரபணு கூடுதல் பிரதிகளோடு இருப்பதால் மாற்றம் அதிவேகமாக நடந்து மூச்சே அடங்கும் அபாயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல், 12 வயதுக்குக் கீழே இருமலுக்கோ வலிக்கோ கோடீன் கூடவே கூடாது என்றது. வீட்டு அலமாரியில் பெரியவர்களுக்கு எழுதிய பழைய பாட்டில் இருந்தால் அதிலிருந்து அரை ஸ்பூன் கொடுக்கும் யோசனையே வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத சமாச்சாரங்களையும் எழுதிவிடுகிறேன்: எடை கூடாமல் இருப்பது, விரல் நுனி உருண்டு நகம் வளைவது, இருமலில் ரத்தம், பால் குடிக்கும்போதெல்லாம் இருமல், மூச்சு வாங்குவது, பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய இருமல். இதில் ஒன்று இருந்தாலும் நான்கு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வரும்போது கொண்டுவர வேண்டியவை என்று என்னைக் கேட்டால், பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. ஆக்சிஜன் கொடுத்தார்களா என்பது அதில்தான் இருக்கும். காலையில் எழுந்ததும் இருமுவதையும் தூக்கத்தில் இருமுவதையும் போனில் பதிவு செய்து எடுத்து வாருங்கள், ஏனென்றால் எங்கள் வாசலை மிதித்ததும் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல் நின்றுவிடும். எந்த ஆன்டிபயாடிக்குக்கு எத்தனை நாள் அடங்கியது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வந்தால் டாக்டர் கும்பிடுவார். ஊதும் சோதனை என்றால் இன்ஹேலரை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வியர்வைச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை, பிள்ளை நன்றாகக் குடித்துவிட்டு வரட்டும், வியர்வை சுலபமாக வரும். கையில் மட்டும் கிரீமோ எண்ணெயோ தடவிக் கூட்டி வராதீர்கள்.